குறைவா, நிறைவா?

ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வந்து சேர்ந்த சில வாரங்களில், நம் சங்கத்து அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் நிறுவும் பணி நடைபெறுகிறது. தம்பிமாரும் தங்கைமாரும் மடிக்கணினியைச் சுமந்து வருகின்றனர். மூத்த மாணவர்கள் பென் டிரைவும் கையுமாக அமர்ந்திருக்கின்றனர். நல்ல பணி, பாராட்டத்தக்க பணி. ஆனால் அந்த அறையில் ஒவ்வோராண்டும் ஒரு கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு நாம் தரும் விடை சரியன்று என்பது என் கருத்து.

கேள்வி இதுதான்: லினக்ஸைக் குறைந்த அளவில் நிறுவுவதா, முழு அளவில் நிறுவுவதா?

கேட்பவர் புதியவர், விடை சொல்பவர் பழையவர். பழையவர் சிறிதும் தயங்காமல், "குறைந்த அளவே போதும், வேண்டியதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றுகிறது. குறைவாக நிறுவுகிறவர் வீரர். நிறைவாக நிறுவுகிறவர் ஊன்றுகோல் பிடித்து நடப்பவர். இப்படியொரு மனப்பான்மை நம்மிடையே வளர்ந்திருக்கிறது. நானும் அந்த மனப்பான்மையில் இருந்தவன்தான். இரண்டு முறை பட்ட பிறகு மாறியவன். ஆகவே, பிறரை மட்டும் குறைகூற இதை எழுதவில்லை. என்னையும் சேர்த்தே குறைகூறுகிறேன்.

இரண்டும் யாவை?

முதலில் பேச்சைத் தெளிவாக்கிக் கொள்வோம். லினக்ஸ் என்பது உண்மையில் ஒரு கர்னலின் பெயர். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. கர்னலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத இயலாது. அதைச் சுற்றிப் பல மென்பொருள்கள் வேண்டும். அவற்றைப் பொதிகளாகக் கட்டி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து நமக்குத் தருவனவே டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் முதலிய விநியோகங்கள்.

அப்பொதிகளுள் எத்தனையை முதல் நாளே கணினியில் ஏற்றுவது என்பதுதான் நம் கேள்வி. டெபியனை நிறுவும்போது ஒரு கட்டத்தில் பட்டியல் ஒன்று தோன்றும். மேசைச்சூழல் வேண்டுமா, வலை வழங்கி வேண்டுமா, எஸ்எஸ்எச் வேண்டுமா, பொதுவான கருவிகள் வேண்டுமா என்று அது கேட்கும். எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டால், கருந்திரையும் அதில் கண்சிமிட்டும் ஒரு சிறு கோடுமே மிஞ்சும். மேசைச்சூழலுக்குக் குறியிட்டால் சாளரங்கள், உலாவி, அலுவல் மென்பொருள், அச்சிடும் வசதி, பாட்டுக் கேட்கும் கருவி எனப் பலவும் வந்து சேரும்.

உபுண்டு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. 2018 ஏப்ரலில் வந்த 18.04 வெளியீட்டில் அதன் மேசைப் பதிப்பு, குறைந்த நிறுவல் என்னும் வழியைத் தந்தது. 2023 அக்டோபரில் வந்த 23.10இல் நிலைமை தலைகீழாயிற்று. சிறியது இயல்பாயிற்று, பெரியதை வேண்டுவோர் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. அந்த இயல்பு நிறுவலில் லிப்ரெஆபீஸும் இல்லை, தண்டர்பேர்டும் இல்லை. ஆயினும் உபுண்டு சொல்லும் குறைவில் சாளரமும் உலாவியும் உண்டு. டெபியனில் எல்லாக் குறிகளையும் எடுத்தபின் கிடைக்கும் குறைவோ வெறுங் கருந்திரை. ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. நம் சங்கத்து அறையில் வீரம் பேசப்படுவது கருந்திரையைப் பற்றியே. ஆதலால் நானும் அதையே குறைவு என்கிறேன்.

சிக்கனம் என்னும் பழைய காரணம்

குறைவாக நிறுவ வேண்டும் என்பதற்கு ஒரு காலத்தில் மறுக்க முடியாத காரணம் இருந்தது. ஸ்லாக்வேர் என்னும் விநியோகம் 1993இல் வெளிவந்தபோது, அது நெகிழ்வட்டுகளில் வந்தது. ஒரு வட்டில் 1.44 மெகாபைட்டுக்கு மேல் அடங்காது. வன்தட்டுகளும் சிறியவை. அடிப்படைக்கு ஒரு தொகுதி வட்டுகள், வலையமைப்புக்கு ஒரு தொகுதி, சாளரங்களுக்கு ஒரு தொகுதி என்று பிரித்து வைத்திருந்தனர். வேண்டாத தொகுதியை விட்டுவிட்டால் நேரமும் இடமும் மிஞ்சின. அன்று சிக்கனம் என்பது கொள்கையன்று, கட்டாயம்.

இன்று நிலைமை என்ன? டெபியன் 12இன் நிறுவல் கையேடு, மேசைச்சூழல் இல்லாத நிறுவலுக்கு 4 ஜிகாபைட் வட்டிடமும் 512 மெகாபைட் நினைவகமும் போதும் என்கிறது. மேசைச்சூழலோடு நிறுவ 10 ஜிகாபைட் இடமும் 2 ஜிகாபைட் நினைவகமும் வேண்டும் என்கிறது. வேறுபாடு 6 ஜிகாபைட். நம் தம்பி கொண்டு வரும் மடிக்கணினியில் 512 ஜிகாபைட் வட்டு இருக்குமானால், இவ்வேறுபாடு நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுதி. அவர் அதில் ஏற்றி வைத்திருக்கும் திரைப்படங்கள் இதைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்! ஆகவே புதிய கணினியில் இடச் சிக்கனம் பேசுவது பொருந்தாது. 2 ஜிகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள பழைய கணினிக்கு அது பொருந்தும். அங்கே ஒவ்வொரு மெகாபைட்டும் காசு.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். இன்றும் உயிரோடிருக்கும் விநியோகங்களுள் மிகப் பழையது அந்த ஸ்லாக்வேர்தான். அதைப் பேணுவோர் புதியவர்க்குச் சொல்லும் அறிவுரை, "முழுமையாக நிறுவுங்கள்" என்பதே. ஒரு மென்பொருள் இயங்க வேறு எவை எவை தேவை என்பதை அதன் கருவிகள் தாமாகத் தேடித் தருவதில்லை. ஒன்றை விட்டுவிட்டால் மற்றொன்று இயங்காமற் போகும். ஆதலால் எல்லாவற்றையும் ஏற்றுவதே நலம் என்பது அவர்கள் கருத்து. பழமையும் கடுமையும் உடையவர்களே நிறைவைப் பரிந்துரைக்கும்போது, குறைவே வீரம் என்று நாம் முழங்குவது எங்ஙனம் பொருந்தும்?

குறைவின் நியாயம்

இவ்வாறு சொல்வதால் நான் குறைவுக்குப் பகைவன் என்று கொள்ளவேண்டா. அதற்கு உண்மையான நியாயம் உண்டு. அந்த நியாயம் சிக்கனத்தில் இல்லை. பாதுகாப்பிலும் ஒழுங்கிலும் இருக்கிறது.

2024 செப்டம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அச்சுப்பொறிகளைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் கப்ஸ்-பிரவுஸ்ட் என்னும் சேவையில் ஒரு பெரும் ஓட்டை இருப்பது அம்மாதம் வெளியாயிற்று. அச்சேவை 631ஆம் துறையைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் வந்து "நான் ஓர் அச்சுப்பொறி" என்று சொன்னாலும் நம்பியது. பொய் அச்சுப்பொறி ஒன்றை இவ்வாறு நுழைத்து, பயனர் அதற்கு ஒரு தாளை அச்சிட அனுப்பும்போது அவர் கணினியில் தம் கட்டளையை ஓட்டிவிடப் பிறரால் முடிந்தது. இச்சேவை மேசைச்சூழலோடு சேர்ந்து பல கணினிகளில் கேளாமலே குடியேறியிருந்தது. வாழ்நாளில் ஒரு தாளும் அச்சிடாத கணினிகளிலும் அது விழித்திருந்தது. இல்லாத மென்பொருளில் ஓட்டை இருக்க முடியாது. குறைவின் முதல் நியாயம் இது.

இரண்டாவது நியாயத்தை என் ஆய்வகத்தில் கற்றேன். ஒரு மாதிரியைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து, வெப்பநிலை மெல்ல ஏறும்போது அதன் மின்தடையை இரவு முழுதும் அளந்து பதிவது அங்கேயுள்ள ஒரு கணினியின் வேலை. அதற்கு வேறு வேலை கிடையாது. அதில் லினக்ஸ் நிறுவும் பொறுப்பு எனக்கு வந்தது. "எதற்கும் இருக்கட்டும்" என்று முழு மேசைச்சூழலையும் ஏற்றினேன். மாலையில் அளவையைத் தொடங்கிவிட்டு விடுதிக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால், கோப்பில் முதல் சில நிமிடங்களின் எண்கள் மட்டுமே இருந்தன. நெடுநேரம் எவரும் விசையைத் தொடவில்லை என்று கண்ட மேசைச்சூழல், கணினியைத் தூங்க வைத்துவிட்டது! மடிக்கணினியில் மின்கலத்தைக் காக்கும் அதே நற்குணம், ஆய்வகத்தில் ஓர் இரவையும் ஒரு கலன் நைட்ரஜனையும் வீணாக்கியது. குற்றம் மென்பொருளினுடையதன்று. ஒரே வேலை செய்யும் பொறிக்கு ஊர்ப்பட்ட பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தவன் நான். மறுநாளே கருந்திரை நிறுவலாக மாற்றினேன். அது முதல் அந்தக் கணினி தூங்கியதில்லை.

ஆகவே வழங்கிகளுக்கும் கருவிகளோடு இணைந்த கணினிகளுக்கும் குறைவே தக்கது. அங்கே அதுதான் பெருவழக்கும்கூட. ஒரே வேலைக்கென அடைக்கப்படும் கொள்கலன்களில் பெரிதும் பயன்படும் ஆல்பைன் லினக்ஸின் அடிப்படை உருவம் ஏறத்தாழ 5 மெகாபைட்தான். ஒரு பாட்டுக் கோப்பின் அளவு! வேலை இன்னதென்று முன்னரே தெரிந்தால் இவ்வளவு சுருக்கலாம்.

தெரிந்தால் என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

நிறைவின் நியாயம்

இனி என் இரண்டாவது தவற்றைச் சொல்லுகிறேன். இது முன்னதைவிடப் பெரியது.

சென்ற ஆண்டு நம் அறைக்கு முதலாண்டுத் தம்பி ஒருவர் வந்தார். கணினியைப் பொறுத்தவரை அவர் முற்றிலும் புதியவர். ஆனால் கற்கும் ஆர்வம் மிகுதி. "அண்ணா, எதைப் போடுவது நல்லது?" என்று கேட்டார். நான் வழக்கம்போல் முழங்கினேன். அறையிலிருந்த கம்பி இணைப்பின் துணையால் அவர் மடிக்கணினியில் குறைந்த நிறுவலைச் செய்து முடித்து, கருந்திரையில் இரண்டு கட்டளைகளையும் கற்றுக்கொடுத்து அனுப்பினேன். "அண்ணா, முழுவதும் முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். "இனிமேல்தான் தொடக்கமே!" என்று சிரித்தேன்.

விடுதி அறையில் கம்பி இணைப்பு இல்லை. வைஃபை மட்டுமே உண்டு. அந்த வைஃபை, உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். உலாவி இல்லை. உலாவியைப் பெற வேண்டுமானால் இணையம் வேண்டும். இணையத்தைப் பெற வேண்டுமானால் உலாவி வேண்டும்! கைபேசியைக் கம்பியால் பொருத்தி, அதன் இணைப்பை வாங்கியிருக்கலாம். அதற்கும் ஒரு கட்டளை தெரிந்திருக்க வேண்டும், நான் சொல்லித்தரவில்லை. அன்றிரவு நான் ஆய்வகத்தில் இருந்தேன், அழைப்பை எடுக்கவில்லை. மறுநாள் காலை அவர் ஓர் ஆய்வுக்குறிப்பைத் தட்டச்சிட்டு ஒப்படைக்க வேண்டியிருந்தது. நள்ளிரவில் வேற்று மாநிலத்து அறைத்தோழர் ஒருவரின் கணினியைக் கெஞ்சி வாங்கி எழுதி முடித்தாராம். அடுத்த நாள் என்னிடம் வந்து, "அண்ணா, பழையபடி விண்டோஸே போட்டுத் தந்துவிடுங்கள்; எனக்கு இதெல்லாம் வராது" என்றார்.

"எனக்கு இதெல்லாம் வராது!" அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. வராதது அவருக்கன்று. அவருக்கு நாளைக் காலையில் என்ன வேண்டும் என்று கேட்டறியும் பொறுமை எனக்குத்தான் வரவில்லை.

குறைந்த நிறுவலே கற்பிக்கும் ஆசான் என்று வாதிடுவோர் உண்டு. ஆர்ச் லினக்ஸை நிறுவியவர்கள் இவ்வாதத்தை விரும்பிச் சொல்வர். 2019 அக்டோபர் முதல் ஆர்ச்சின் அடிப்படைப் பொதியில் கர்னல்கூட இல்லை, உரைத்தொகுப்பியும் இல்லை, தனியே கேட்டு ஏற்ற வேண்டும். வலையமைப்பு மென்பொருளை ஏற்ற மறந்து, கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டுத் திகைத்தவர் பலர். அத்திகைப்பிலிருந்து கற்றவரும் உண்டு, உண்மை. ஆனால் அவர்கள் பக்கத்தில் இன்னொரு கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வழிகாட்டிப் பக்கங்களைப் படித்தவர்கள். ஒரே ஒரு கணினி வைத்திருப்பவன் எதைப் பார்த்துக் கற்பான்?

கட்டளைகளை விளக்கும் 'மேன்' பக்கங்களும் அப்பொதியில் இல்லை. உபுண்டுவின் மிகச் சிறிய வழங்கி உருவங்களிலும் கொள்கலன்களுக்கான உருவங்களிலும் இவ்விளக்கங்களை இடம் கருதி நீக்கியே வைத்திருக்கிறார்கள். பொறிக்கு அவை வேண்டா. மனிதன் படிக்கத்தான் அவை வேண்டும். ஆசான் என்று நாம் போற்றும் குறைந்த நிறுவல், பாடநூலைப் பிடுங்கிவிட்டுப் பாடம் கேட்கிறது!

நமக்கென்று ஒரு காரணம்

இதுவரை சொன்னவை எல்லா மாணவர்க்கும் பொது. தமிழ் மாணவர்களாகிய நமக்கென்று தனியாக ஒரு காரணம் உண்டு.

லினக்ஸின் கருந்திரை ஒரு நேரத்தில் 512 எழுத்து வடிவங்களுக்கு மேல் தாங்காது. அதுவன்றி, தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னே வந்து அமர வேண்டும். 'கொ' என்னும் எழுத்தில் ஒரு பகுதி முன்னும் ஒரு பகுதி பின்னும் நிற்க வேண்டும். இவ்வாறு இடமாற்றி அடுக்கும் வேலையைக் கருந்திரை செய்வதில்லை. அவ்வேலையைச் செய்யும் ஹார்ஃபபஸ் முதலிய மென்பொருள்கள் மேசைச்சூழலோடுதான் வருகின்றன. ஆகவே நாம் வீரமாக நிறுவும் அந்தக் குறைந்த அளவில் தமிழ் இல்லை. ஊரிலிருந்து அம்மா எழுதும் இரண்டு வரியைக்கூட அதில் படிக்க இயலாது.

எது குறைந்த அளவு என்பதை யாரோ ஒருவர், தம் தேவையை அளவாகக் கொண்டு வரையறுத்தார். ஆங்கில எழுத்தோடு வாழ்கிறவருக்கு அது குறைந்த அளவு. நமக்கு அது குறைவன்று, குறை.

முழு நிறுவலிலும் நம் தேவை முற்றும் நிறைவேறுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் எழுதப் பழகியவர், ஐபஸ்-எம்17என் பொதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் ஏற்றி, அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ள வேண்டும். லோகித் தமிழ் போன்ற எழுத்துருப் பொதி ஒன்று இல்லையெனில் அதையும் சேர்க்க வேண்டும். ஆகப் பிறர் வரைந்த குறைவும் நமக்குப் பொருந்தவில்லை; பிறர் வரைந்த நிறைவும் முற்றும் பொருந்தவில்லை. நிறைவோடு சிலவற்றைக் கூட்டிக்கொள்வது பத்து நிமிட வேலை. கருந்திரையிலிருந்து அவ்விடம் வந்து சேர்வதோ, புதியவருக்கு ஓரிரவு வேலை.

என் முடிவு

விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் ஊரில் சொல்வார்கள். அதையே நான் இங்கும் சொல்லுகிறேன். பொறியின் வேலை இன்னதென்று தெரிந்தவன் குறைவாக நிறுவட்டும். இன்னும் தெரியாதவன் நிறைவாக நிறுவட்டும். குறைவு என்பது அறிவின் முடிவில் கிடைக்கும் பரிசு. அறிவின் வாயிலில் வைக்கப்படும் தேர்வு அன்று.

"முழுமையாக நிறுவியவன் பிறகு எங்கே குறைக்கப் போகிறான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேர்ப்பதைவிட நீக்குவது கடினந்தான். ஒன்றை நீக்கச் சொன்னால், அதனோடு பின்னியிருக்கும் இருபதையும் நீக்கட்டுமா என்று கணினி கேட்கும். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு விடை சொல்வதே ஒரு நல்ல பாடம் அன்றோ? தன் கணினியில் எந்தெந்தச் சேவைகள் ஓடுகின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டு, அச்சுப்பொறி இல்லாதவன் அச்சுச் சேவையை நிறுத்தினால், அவன் குறைவை உண்மையாகவே கற்றவன் ஆகிறான்.

இவ்வாண்டுப் பணிக்கு என் வேண்டுகோள்கள் நான்கு.

ஒன்று: புதியவர் வந்து அமர்ந்ததும், "நாளைக் காலையில் இக்கணினியைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்போம். விடையைக் கேட்ட பிறகே பென் டிரைவைச் செருகுவோம்.

இரண்டு: அவரிடம் இருப்பது ஒரே கணினியானால், முழு மேசைச்சூழலோடு நிறுவுவோம். விடுதி வைஃபை இணைந்ததை நேரில் பார்த்த பிறகே எழுந்து போக விடுவோம்.

மூன்று: கருந்திரையைக் கற்க விரும்புவோருக்கு, அதே கணினிக்குள் ஒரு மெய்நிகர்க் கணினி அமைத்துத் தருவோம். 4 ஜிகாபைட் இடம் போதும். அதில் எதை உடைத்தாலும் மறுநாள் ஒப்படைக்க வேண்டிய ஆய்வுக்குறிப்பு உடையாது.

நான்கு: தமிழ் எழுத, படிக்க வேண்டிய பொதிகளின் பட்டியல் ஒன்றைச் சங்கத்தின் பெயரால் தொகுத்து வைப்போம். நிறுவும் ஒவ்வொரு கணினியிலும் அதை ஏற்றி, தமிழில் ஒரு வரி எழுதிப் பார்த்த பிறகே பணி முடிந்ததாகக் கொள்வோம்.

ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்து படிக்கிற நமக்குள், முன்னே வந்தவர் பின்னே வருகிறவருக்கு வழி காட்டுவதற்காகத்தான் இந்தச் சங்கம் இருக்கிறது. அன்று "எனக்கு வராது" என்று போன தம்பி இப்போது இரண்டாம் ஆண்டில் படிக்கிறார். இந்த இதழ் அவர் கைக்கும் போய்ச் சேரும். அவருக்கு ஒரு சொல்: தம்பி, தவறு என்னுடையது. வரும் ஞாயிற்றுக்கிழமை கணினியோடு வாருங்கள். இம்முறை நான் முழங்கமாட்டேன், முதலில் கேட்பேன்.